பெயிண்டருக்குத் துரு பிடித்த கதை

பாப்பாவின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராகச் செம்பழுப்பாக ஒரு கறை. அதற்குச் சோப்பு போட்டு, கல்லில் வைத்துத் தேய்த்து, பிழிந்து, வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, மறுபடியும் சோப்பு போட்டுக்கொண்டிருந்தாள் பெயிண்டரின் மனைவி. கறை அசையவில்லை. சட்டைதான் இளைத்துக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெயிண்டர் பின்வாசலில் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரு பெரிய அறிவிப்பு செய்தார்.

"இங்க பாரு. இனிமே இந்த வீட்டுல துருவை யாரும் துருன்னு சொல்லக் கூடாது."

"பின்ன என்னன்னு சொல்றது?"

"வண்ணம்னு சொல்லணும்."

மனைவி சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "அப்ப இந்த வண்ணம் போகவே மாட்டேங்குதுங்க."

"போகக் கூடாது! அதைப் போகாம நிறுத்துறதுக்குத்தான் நான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா சோப்பு போட்டுத் தேய்க்கிறே!"

மனைவி சட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

பெயிண்டர் என்றால் சுவருக்கு அடிக்கிற பெயிண்டர் இல்லை, வண்டிக்கு அடிக்கிறவர். கார், வேன், ஸ்கூட்டர், எது அடிபட்டு வந்தாலும் பட்டறையில் அவர் கையில்தான் ஒப்படைப்பார்கள். முதலில் துருவைச் சுரண்டுவார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். பூச வேண்டியதைப் பூசி, கண்ணாடி மாதிரி ஆக்கி, அந்தக் கண்ணாடியில் தன் மீசையையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டுதான் வண்டியை வெளியே விடுவார். துரு என்றால் அவருக்குப் பங்காளி மாதிரி. கண்ணில் பட்டாலே ஆகாது.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் கைபேசியில் ஒரு படம் பார்த்தார். எங்கேயோ யாரோ ஒருத்தர் தன் பைக்குக்குப் பெயிண்டே அடிக்காமல், பெட்ரோல் டேங்க் முழுக்கத் துரு பிடிக்க விட்டிருந்தார். பிடித்த துரு உதிராமல், கையில் ஒட்டாமல், மேற்கொண்டு பரவாமல் அப்படியே நிறுத்தி, மேலே பளபளப்பில்லாத கிளியர், அதாவது நிறமே இல்லாத காப்புப் பூச்சு, அடித்து வைத்திருந்தார். சுற்றிலும் ஒரு கூட்டம் நின்று வாயைப் பிளந்து பார்த்தது.

பெயிண்டருக்கு மனது வலித்தது. இத்தனை வருடம் தான் பெயிண்ட் அடித்த வண்டியை ஒருத்தராவது வாயைப் பிளந்து பார்த்ததுண்டா? வாயைத் திறந்தால், 'இங்க ஒரு புள்ளி விட்டுப்போச்சே' என்று சொல்லத்தான் திறந்தார்கள்.

அன்றைக்கே துருவோடு ராசியாகிவிட்டார்.

தன் பழைய பைக்கின் டேங்கையும் மட்கார்டையும் கழற்றினார். இருந்த பெயிண்டை எல்லாம் உரித்தார். உப்புத் தண்ணீரும் வினிகரும் கலந்து மனைவியின் காலி சென்ட் பாட்டிலில் ஊற்றி, காலையிலும் மாலையிலும் அதன்மேல் தெளித்தார். பனியில் வைத்தார். வெயிலில் வைத்தார். தூசி படாமல் தன் நல்ல வேட்டியைப் போர்த்தினார். பாப்பாவுக்குப் போர்த்த மனைவி ஒரு துணி கேட்டபோது, "இருக்கிறதைப் போர்த்து" என்றார்.

பாப்பா முதன்முதலாகத் தானே எழுந்து நின்றது அந்த நாட்களில்தான். மனைவி சந்தோஷத்தில் கத்தினாள்.

"ஏங்க, ஓடி வாங்க! வந்துடுச்சு, வந்துடுச்சு!"

பெயிண்டர் ஓடி வந்தார். நேராக டேங்கிடம் போய்க் குனிந்தார்.

"எங்க? எந்தப் பக்கம் வந்திருக்கு?"

தெருவில் அவருக்கு 'துரை' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. வீட்டில் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் துரை மாதிரி உட்கார்ந்திருப்பாராம், அதனால். இப்போது கடைசி எழுத்து கொஞ்சம் மாறி 'துரு' ஆகிவிட்டது. அடுத்த வீட்டுத் தையல்காரக்காதான் மாற்றியவர். கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அப்பனுக்குத் துரு, பொண்ணுக்குத் துருதுரு. பொருத்தமான குடும்பம்" என்பார்.

பொண்ணு துருதுருதான். அதுதான் மனைவியின் கவலையே.

முன்னறை ஜன்னல் கம்பிகளில் பெயிண்ட் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பாப்பா வயிற்றில் இருக்கும்போதே மனைவி சொல்ல ஆரம்பித்தாள். பெயிண்டரும் 'நாளைக்கு' என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த 'நாளைக்கு' வராமலே பாப்பா பிறந்து, தவழ்ந்து, எழுந்தும் நின்றாயிற்று. இப்போது பாப்பாவுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அந்த ஜன்னல். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நிற்பாள். உலுக்குவாள். தெருவில் போகிற நாயைப் பார்த்து ஒரு கத்தல். அப்புறம் செக்கச்சிவந்த அந்த உள்ளங்கை நேராக வாய்க்குள். மிச்சம் சட்டைக்கு.

மனைவி துணி சுற்றிப் பார்த்தாள். பாப்பா அவிழ்த்துத் தின்றாள். நாற்காலியைக் குறுக்கே போட்டுப் பார்த்தாள். பாப்பா அதன்மேல் ஏறி இன்னும் உயரமாக நின்றாள்.

"ஏங்க, அந்தக் கம்பிக்கு மட்டும் ஒரு தடவை பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுங்களேன்."

"காலையில இருந்து பெயிண்ட் அடிச்சுட்டு வர்றவனை வீட்டுலயும் அடிக்கச் சொல்றியே, மனசாட்சி இருக்கா? மிட்டாய்க் கடைக்காரர் வீட்டுக்கு வந்து மிட்டாயா தின்பார்?"

"உங்க பொண்ணு துருவைத் தின்றாளே."

"வண்ணம்னு சொல்லு."

இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில், வண்டியைத் தங்கள் கைப்பட மாற்றிக் கட்டியவர்கள் எல்லாரும் பெரிய மைதானத்தில் கூடுவதாக இருந்தது. பட்டறை முதலாளியே ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து பெயிண்டரைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். டேங்கின் நிறமும் பழுத்து வந்திருந்தது. ஒரு பக்கம் இருட்டிய காபி நிறம், ஒரு பக்கம் செங்கல், மூடிக்குக் கீழே மட்டும் பொன்னாக ஒரு வழிசல். இனி ஒரு வாரம் விட்டால் கறுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறுத்த வேண்டும்.

பட்டறையிலிருந்து சின்னக் கம்ப்ரஸரும் ஸ்பிரே துப்பாக்கியும் கேட்டு வாங்கி வந்தார். பளபளப்பில்லாத கிளியர் இந்த ஊர்க் கடைகளில் கிடைக்காது. சொல்லி வைத்து வரவழைத்த ஒரே ஒரு டின். துப்பாக்கியை நிரப்பிக்கொண்டு டேங்குக்கு எதிரே நின்றார்.

நின்றார். நின்றுகொண்டே இருந்தார். விரல் அழுத்த மாட்டேன் என்றது.

கிளியர் பட்டு நிறம் மாறிப்போனால்? அடித்தது அடித்ததுதான், திரும்ப எடுக்க முடியாது. டேங்கைத் துருவித் துருவிப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார். மறுநாளும் எடுத்தார். வைத்தார். அதற்கடுத்த நாளும்.

அப்போதுதான் மனைவி பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பாப்பாவின் கையைத் துடைத்துத் துடைத்து அவள் கையும் அதே நிறமாகியிருந்தது. முகத்தில் பொறுமை தீர்ந்துபோன ஒரு சிவப்பு. உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாப்பா கையைப் பாருங்க. என் கையைப் பாருங்க. இப்ப எனக்கும் துரு பிடிச்சிருக்கு!"

பெயிண்டர் மெல்லத் திரும்பினார். அவர் கண் நிறைந்திருந்தது.

"நிஜமாவா? உனக்கும் பிடிச்சிருக்கா?"

திட்டுவதற்காகத் திறந்த மனைவியின் வாய் திறந்தபடியே ஒரு கணம் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த கிளியர் டின்னைப் பார்த்தாள். வாயை மூடி, கையை மடக்கிக்கொண்டாள்.

"ரொம்ப" என்றாள்.

பெயிண்டர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். கல்யாணம் ஆன நாள் முதல் தான் சொன்ன ஒன்றை இவள் பிடிச்சிருக்கு என்று சொன்னதே இல்லை. மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். விரல் அழுத்த மறுக்கிறது, பயமாக இருக்கிறது, நிறம் மாறினால் உயிரே போய்விடும் என்றெல்லாம்.

மனைவி அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள்.

"வேற ஏதாவது துருவுல, இல்ல, வண்ணத்துல, முதல்ல அடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் இதுல அடிக்கலாமே?"

"வேற எங்க இருக்கு?"

"அதுவும் சரிதான்" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். "நம்ம வீட்டுல ஏது துரு?" என்று சொல்லிவிட்டு, போய் ஜன்னல் கம்பியில் சாய்ந்து நின்றாள்.

பெயிண்டர் வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பார்த்தார். துள்ளிக் குதித்தார்.

"ஏய்! எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு!"

"என்னங்க?"

"இந்த ஜன்னல்! இதுல அடிச்சுப் பார்த்தா என்ன?"

"அடடா" என்றாள் மனைவி. "எனக்குத் தோணவே இல்லையே."

பெயிண்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. டேங்குக்கு எப்படியோ, ஜன்னலுக்கும் அப்படியே. நார்த்தேய்ப்பான் வைத்து உதிர்கிற பொடியை எல்லாம் ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்து எடுத்தார். சோடா உப்புக் கரைசலில் கழுவினார். நல்ல தண்ணீரில் கழுவினார். மூலைமுடுக்கெல்லாம் துணி விட்டுத் துடைத்துக் காய வைத்தார். மனைவி மின்விசிறியைக்கூடத் திருப்பி வைத்து உதவினாள். பிறகு தின்னரில் நனைத்த துணியால் ஒற்றி, பாப்பாவைத் தையல்காரக்கா வீட்டில் கொடுத்துவிட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று. அப்புறமும் ஒன்று.

நிறம் மாறவில்லை. கையால் தடவினார். வழுவழுவென்று இருந்தது. கை சுத்தமாக இருந்தது.

"ஜெயிச்சாச்சு! நாளைக்கே டேங்க்!"

"அடிங்க" என்றாள் மனைவி. போகிற போக்கில், "ஆனா ஜன்னல் நிழல்ல இருக்குது. வண்டி வெயில்ல இல்ல நிக்கும்?"

பெயிண்டர் நின்றார். நெற்றியைத் தேய்த்தார். வெயிலில் நிற்கிற இரும்பு எது? அன்று இரவு முழுக்க யோசித்து, காலையில் எழுந்ததும் மனைவியை எழுப்பி, "வாசல் கேட்!" என்றார்.

"எப்படிங்க இப்படியெல்லாம் தோணுது உங்களுக்கு?"

கேட் பெரியது. மேலே வளைவும் நடுவே பூ வேலையும் இருந்தது. பெயிண்டர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அதன் இதழ் இதழாகத் தேய்த்தார். மதிலுக்கு மேலே தையல்காரக்காவின் தலை முளைத்தது.

"என்ன தம்பி, கேட்டைக் குளிப்பாட்டுறீங்க?"

"குளிப்பாட்டலக்கா. பக்குவப்படுத்துறேன்."

"இத்தனை வருஷமா அது என்ன செஞ்சுதாம்?"

"தப்பா பழுத்துது. இப்ப சரியா நிறுத்துறேன். உங்களுக்கு இதெல்லாம் புரியாதுக்கா. இது கலை."

"எனக்கு என்ன புரியும் தம்பி? என் தையல் மிஷின் காலுகூட ரொம்பக் கலையாத்தான் இருக்கு. மிதிச்சா பாதமெல்லாம் கலை."

மனைவி வாசலைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள். "மிஷின் கால்ல ஆட்டம் இருக்குமில்லக்கா? ஓடும்போது அதிருமே."

"அதிருமாவது! குதிக்கும்."

"வண்டியும் ஓடும்போது அதிரும்" என்றாள் மனைவி, துடைப்பத்திடம் சொல்வது போல.

பெயிண்டரின் கை நின்றது. அதிர்ச்சியில் கிளியர் உரிந்துவிட்டால்? இதை எப்படி மறந்தோம்? "அக்கா, அந்த மிஷின் காலைக் கொஞ்சம் கழற்றிக் குடுங்க" என்றார். "எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு."

தையல்காரக்காவும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் மூளையைப் பார்த்து இரண்டு பேரும் மலைத்துப்போய் நிற்கிறார்கள் என்று பெயிண்டருக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் மழைக்குத் தாங்குமா என்று பார்க்கப் பின்பக்கப் படிக்கட்டின் கைப்பிடி. வளைந்த இடத்தில் வழியாமல் நிற்குமா என்று பார்க்கக் கிணற்றடி வாளியின் பிடி. நனைந்து நனைந்து காய்கிற இடத்துக்குத் துணி காயப்போடுகிற கம்பி, அதன் இரண்டு பக்கத்துத் தூண். எல்லாம் அவருக்கே தோன்றியவை. மனைவி ஒரு வார்த்தைகூடச் செய்யச் சொல்லவில்லை. சும்மா அங்கங்கே போய்ச் சாய்ந்து நின்றாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பெயிண்டர் குளித்து, சட்டை மாற்றி, துப்பாக்கியை எடுத்து டேங்குக்கு எதிரே நின்றார். இப்போது பயம் இல்லை. ஒரு வீட்டையே அடித்துத் தேர்ந்த கை. மூச்சை இழுத்துப் பிடித்து அழுத்தினார்.

புஸ்.

வெறும் காற்று. டேங்க் மேல் இருந்த தூசிதான் பறந்தது. டின்னைக் கவிழ்த்தார். உலுக்கினார். அடியைத் தட்டினார். ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு விழவா வேண்டாமா என்று யோசித்து, உள்ளேயே போய்விட்டது.

"ஐயையோ!"

மனைவி ஓடி வந்தாள். பெயிண்டர் டின்னைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தீர்ந்துபோச்சு! எல்லாத்துக்கும் அடிச்சேன், டேங்குக்கு மட்டும் இல்ல! நாளைக்கு முதலாளி வர்றாரு. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வண்டியைக் காட்டுவேன்?"

மனைவிக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. இது அவள் கணக்கில் இல்லை. டேங்குக்கும் கொஞ்சம் மிஞ்சும் என்றுதான் நினைத்திருந்தாள். துணிக்கம்பியோடு நிறுத்தியிருக்கலாம், தூண் கொஞ்சம் பேராசைதான்.

உள்ளே போய்ப் பாப்பாவுக்குத் தேய்க்கிற எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள்.

"நாளைக்கு ஒரு நாளுக்கு இதைத் தேய்ங்க. நிறம் இன்னும் எடுப்பா இருக்கும். கிளியர் வரவழைச்சு அப்புறமா அடிச்சுக்கலாம்."

பெயிண்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எண்ணெயைத் தொட்டு டேங்கில் தேய்த்தார். செங்கல் நிறம் சிவந்தது. பொன் வழிசல் மின்னியது. இவருக்கும் முகம் தெளிந்தது. "வயித்துப் பக்கம் மெதுவா தேய்ங்க" என்றாள் மனைவி பழக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டேங்கையும் மட்கார்டையும் மறுபடி மாட்டி, வண்டியை வாசலில் நிறுத்தினார். முன்னறையில் பாப்பா வழக்கம்போல ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று உலுக்கி, நாயைப் பார்த்துக் கத்தி, உள்ளங்கையை வாயில் போட்டாள். மனைவி அந்தக் கையை மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தாள். எச்சில்தான் இருந்தது. வேறொன்றும் இல்லை. அந்தக் கையை மறுபடியும் பாப்பாவின் வாயிலேயே விட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டாள். நம் ஜன்னலின் நிறத்தைத்தான் ரசிக்கிறாள் என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டார்.

முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். வண்டியைச் சுற்றி வந்தார். டேங்கில் கையை வைத்தார்.

"என்னப்பா, வழவழன்னு இருக்கு?"

கையைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெயும் துருவும் சேர்ந்து விரல் முழுக்கச் செம்பழுப்புக் குழம்பு. சட்டையில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நகர்ந்தவர் தடுமாறிப் போய் வாசல் கேட்டில் முதுகு மொத்தமும் படச் சாய்ந்தார்.

"போச்சு!" என்று கத்தினார். "வெள்ளைச் சட்டை!"

திரும்பி முதுகைக் காட்டினார். முதுகில் ஒரு புள்ளி இல்லை. முதலாளி நம்பாமல், சுத்தமாக இருந்த மற்றக் கையால் கேட்டைத் தடவினார். அழுத்தித் தடவினார். நகத்தால் சுரண்டினார். கையைப் பார்த்தார். வாயைப் பிளந்தார்.

"எவ்வளவு அழகா நிறுத்தியிருக்கே! பூ வேலைக்குள்ள எல்லாம் பூந்து அடிச்சிருக்கே! அந்த ஜன்னலும் இப்படித்தானா? வேற எதெல்லாம் அடிச்சிருக்கே?"

வண்டியை மறந்துவிட்டார். கேட்டைக் கைபேசியில் படம் எடுத்தார். ஜன்னலை எடுத்தார். பின்பக்கம் போய் வாளியின் பிடியைக்கூட எடுத்தார். மதிலுக்கு மேலே தையல்காரக்கா, "என் மிஷின் காலையும் பாருங்க சார்" என்று குரல் கொடுத்தார்.

"யாரப்பா யோசனை இது?"

பெயிண்டரின் நெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்தது. இத்தனை வருடத்தில் தன் வேலையைப் பார்த்து வாயைப் பிளந்த முதல் ஆள், அதுவும் முதலாளி.

"என் யோசனைதான் சார். எல்லாம் என் யோசனை."

"ஆமாங்க சார்" என்றாள் மனைவி, வாசற்படியில் நின்றபடி, கூச்சத்தோடு. "முழுக்க அவர் யோசனைதான். நான் வாயையே திறக்கல. இப்பக்கூட அடுத்த வாரத்துக்குன்னு பெரிசா ஒண்ணு யோசிச்சு வச்சிருக்காருங்க. அது என்னன்னா சார், நம்ம சமையலறையில இருந்து..."

உள்ளே பாப்பா வீல் என்று கத்தினாள். மனைவி சொன்னதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

முதலாளி ஆவலோடு பெயிண்டர் பக்கம் திரும்பினார்.

"சொல்லுப்பா. என்ன யோசனை?"

பெயிண்டர் மீசையைத் தடவினார். வானத்தைப் பார்த்தார். வாசற்படியைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றார். "அவ வந்து சொன்னாத்தான் எனக்கே தெரியும்."